ஓரமே இல்லாத ரோடு

போன சனிக்கிழமை செத்துப் பிழைத்தேன்.

‘ஆரம்பிச்சுட்டான்யா’ என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம்தான்... இந்த வாரம் இல்லை. 

ஜெர்மனியின் ஹாலே நகரில் பழைய தமிழ்க் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். “நான் கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ” என்றார் தேவன் அண்ணை. பிராங்பேர்ட்டில் எங்கள் கீழ் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருஷமாகிறது. முன் சீட்டில் அவர் மனைவி ராஜி அக்கா. பின் சீட்டில் நானும் இடியப்பப் பார்சலும்.

ஐசனாக் என்ற ஊரைத் தாண்டியதும் கார் ‘தடக்... தடக்’ என்று குதித்தது.

“பயப்பிடாதையுங்கோ தம்பி, இது அந்தக் காலத்துக் கொங்கிரீற் ரோட்டு. இன்னும் மாத்தேல்லை” என்றார் அண்ணை.

உலகமே பொறாமைப்படுகிற ஆட்டோபான், அதாவது ஜெர்மனியின் அதிவேகச் சாலை, பிறந்த கதை தெரியுமா? முதலில் கொலோன் மேயர் ஒருவர், பான் நகரம் வரைக்கும் ஒரு பாதை போட்டார். அப்புறம் வந்த சர்வாதிகாரி, பிராங்பேர்ட்டில் மண்வெட்டியோடு போட்டோவுக்கு நின்று, பெயரை எல்லாம் தட்டிக்கொண்டு போனார். வேலைக்கு ஆள் போதாதபோது முகாம்களில் அடைத்துவைத்தவர்களையும் கைதிகளையும் மண் வெட்ட வைத்தார்கள்.

காரில் போகிறவர் காட்டையும் மலையையும் ரசிக்க வேண்டுமாம். அதற்காக வளைத்து வளைத்துப் போட்டார்கள். சரி, கார் நின்றுபோனால் எங்கே ஒதுங்குவது? அக்காலத்துக் கார்கள் வேகம் தாங்காமல் கொதித்து நின்றனவாம். ஆனாலும் ஒதுங்க ஓரம் வைக்கவில்லை!

இதை அண்ணை சொல்லி வாய் மூடவில்லை. அவருடைய காரே கொதித்துவிட்டது.

ஏற்றத்தில், வளைவுக்குச் சற்று மேலே, பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. கார் முக்கி முனகி நின்றது. வலப்பக்கம் இரும்புத் தடுப்பு, அதற்கு அப்பால் புல் மேடு, காடு. பின்னால்... வளைவில் என்ன வருகிறது என்றே தெரியவில்லை.

“ரெண்டு பேரும் தடுப்புக்கு அங்கால போய் நில்லுங்கோ!” எச்சரிக்கை முக்கோணப் பலகையைத் தூக்கிக்கொண்டு அண்ணை பின்பக்கம் ஓடினார்.

ஒரே தாவலில் தடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்தேன். ராஜி அக்கா இறங்கினார், தடுப்பைப் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“அக்கா, ஏறுங்க!”

“மாட்டன். புல்லுக்க கால் வைக்க மாட்டன் தம்பி.”

ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் ஹாரனோடு போனது. கார் ஆடியது. 

“அக்கா, இது ஜெர்மனி!”

“எனக்குத் தெரியும். கால் ஏலாது எண்டுது.”

யாழ்ப்பாணத்தில் போர் நிறுத்தம் வந்து, பாதை திறந்து, போன வருஷம்தான் அக்கா ஊருக்குப் போய் வந்தார். வழி நெடுக மண்டையோடு போட்ட பலகைகள். காலை வைத்தால் வெடிக்கிற மிதிவெடி. தார் ரோட்டை விட்டு ஓரடி இறங்கக் கூடாது. ஆட்டைப் பிடிக்க இறங்கிய அவருடைய மச்சாள் திரும்பி வரவேயில்லை.

அங்கே ரோட்டை விட்டு இறங்கினால் சாவு. இங்கே ரோட்டில் நின்றால் சாவு. இந்த மனுஷி எங்கேதான் நிற்பார், சொல்லுங்கள்?

“நீங்கள் முன்னுக்குப் போங்கோ” என்றார் அக்கா. உதடெல்லாம் வெளுத்திருந்தது. “நீங்கள் கால் வைச்ச இடத்தில நான் வைக்கிறன்.”

சிரிக்காதீர்கள் — தடுப்பிலிருந்து இறங்கப் போன என் கால் அந்தரத்தில் நின்றது. வெறும் ஈரப்புல்தான். மெட்ராஸில் பிறந்து, வெடி என்றால் தீபாவளி மட்டுமே தெரிந்த எனக்கு, அதில் மிதிக்கப் பயம்! கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னோர் அடி. பின்னாலேயே அக்கா தடுப்பைத் தாண்டி, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி, என் தடத்திலேயே கால் வைத்து வந்தார்.

மேட்டில் பாதிதான் ஏறியிருப்போம். ‘டமார்!’

அடுத்து வந்த லாரி காரின் பின்பக்கத்தை இடித்து, தடுப்போடு நசுக்கிவிட்டு, தூரத்தில் போய் நின்றது. சற்றுமுன் அக்கா நின்ற இடத்தில் நிற்க இடமே இல்லை. 

“ராஜீ!”

தடுப்புக்கு வெளியே ஓரமாக ஓடி வந்த தேவன் அண்ணை, நசுங்கிய காருக்குள் எட்டிப் பார்த்து அலறினார். அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

“இஞ்ச நிக்கிறன்!” என்று அக்கா கத்தினார்.

நிமிர்ந்து பார்த்த அண்ணை, அழுதுகொண்டே மேட்டில் ஓடி வர ஆரம்பித்தார்.

“ஓடாதையுங்கோ! எங்கட காலடியைப் பார்த்து வாங்கோ!”

அண்ணை நின்றார். இருபது வருஷமாக இந்த ஊரில் வரி கட்டுகிற மனிதர். குனிந்து, ஈரப்புல்லில் எங்கள் தடத்தைத் தேடி, ஒவ்வோர் அடியாக வைத்து வந்து சேர்ந்தார்.

மீட்பு வண்டியில் வந்த ஜெர்மன்காரர், அவ்வளவு பெரிய புல்வெளியில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, “எதற்கு இந்தக் க்யூ?” என்று கேட்டார்.

அக்காவின் கையை விடாமலே அண்ணை சொன்னார்: “பழக்கம்.”