வெடித்த ட்ரெயிலர் ரயரும் லவால்ட்ரியில் நான் பார்த்த இரண்டு விசர் வேலைகளும்

வருசா வருசம் யூலைக் கடைசியில் எங்கள் கோயில் பங்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கியூபெக் நகருக்கு அப்பாலுள்ள சென்-ஆன் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் கூடாரமடித்துத் தங்குவது வழக்கம். 2007இல் எனக்கு ஒரு புழுகம், தலைகால் தெரியாத சந்தோசம், வந்துவிட்டது. வசந்தகாலத்தில் பழைய ட்ரெயிலர் ஒன்று வாங்கியிருந்தேன். பதினெட்டு அடி நீளம், இரண்டே சில்லு, உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை எல்லாம் உண்டு. "சமையல் சாமான் முழுக்க என்ர பொறுப்பு" என்று கோயிலில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். ட்ரெயிலர் இழுக்க யோசிக்கிறவர்கள் இதை வாசியுங்கள். நான் பட்டது போதும்.

ரயர் பற்றி விற்றவரிடம் கேட்காமலில்லை. "ஓடினதே குறைவு, புதுசு மாதிரி" என்றார். குனிந்து பார்த்தேன், ரோட்டில் படுகிற பக்கத்து வெட்டு நல்ல ஆழமாக இருந்தது. பக்கச் சுவரில் தலைமயிர் போலச் சின்னச் சின்ன வெடிப்புகள் இருந்தன. அழுக்காக்கும் என்று விட்டுவிட்டேன். துறைமுகப் பக்கம் களஞ்சியமொன்றில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன் நான், சில்லைப் பற்றி எனக்கு ஆர் சொல்லித் தரவேணும் என்ற திமிர் வேறு.

சனிக்கிழமை காலை 9.40க்கு ரொக்ஸ்பரோவில் வீட்டடியிலிருந்து வெளிக்கிட்டோம். இழுக்கிற வான் வண்டியில் நான், மனைவி ஜெசி, ஏழு வயது மகள் மெலனி, ஜெசியின் தம்பி றெஜி. ட்ரெயிலருக்குள் நாலு மூட்டை அரிசி, பத்துப் பெட்டி தண்ணீர்ப் போத்தல், இரண்டு காஸ் சிலிண்டர், கிடாரம், முதல்நாளே சமைத்த ஆட்டுக்கறி ஒரு பெரிய சட்டி நிறைய. பாரத்தை நிறுத்துப் பார்ப்பதாவது! கதவு பூட்டுப்பட்டது, அதுவே போதும் என்று நினைத்தேன். கோயிலுக்கு 300 கிலோமீற்றர், மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ச் சேரலாம் என்பது கணக்கு.

ஹைவே 40இல் நெரிசல். லவால்ட்ரியில் பெற்றோல் அடிக்க இறங்கும்போது 10.55. அறுபத்தைந்து கிலோமீற்றர்தான் வந்திருந்தோம், 52 டொலருக்கு அடித்தேன். வெயில் 33 பாகை. ட்ரெயிலர்க் கதவைத் திறந்தால், சட்டி சரிந்து நிலமெல்லாம் குழம்பு.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "முப்பது பேருக்கு என்னத்தைக் குடுக்கிறது? ஜெசி, நீ உள்ளுக்கை இருந்து சட்டியைப் பிடி."

"ஓடேக்கை ஆக்கள் இருக்கக் கூடாதெல்லே?" என்றாள் அவள்.

"ஆர் பாக்கப் போறாங்கள்? ட்ருவா ரிவியேர் வரைக்கும்தானே, ஒரு மணித்தியாலம், அங்கை நிப்பாட்டுவம்."

அவள் ஏறினாள். மெலனிக்கு இது விளையாட்டு, தானும் ஏறினாள். இது முதலாவது விசர் வேலை.

இரண்டாவது இன்னும் மோசம். கதவைச் சாத்திவிட்டு இடப்பக்க ரயரில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. மன்னாரில் சைக்கிளை வெயிலில் விட்டால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம், இல்லாவிட்டால் டமார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது இரத்தத்தில் ஊறினது. வால்வை அமத்தி, இரண்டு ரயரிலும் எட்டு, பத்து இறாத்தல் காற்றை உஸ்ஸென்று வெளியே விட்டேன். காலையில் ஐம்பது இருந்தது, அதுதான் அந்த ரயருக்குரிய அளவு. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

பிந்தின நேரத்தைப் பிடிக்க 110இல் ஓடினேன். வானின் பின்கண்ணாடிக்கு நேரே ட்ரெயிலரின் முன் யன்னல். இருபது நிமிடம் போயிருக்கும், அந்த யன்னலில் மெலனியின் முகம் தெரிந்தது, பக்கத்தில் ஜெசி. மெலனி எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன். "சட்டியை ஆர் பிடிக்கிறது?" என்று றெஜியிடம் சினந்துகொண்டேன். அப்படிச் சினந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மஸ்கினோஞ்சேக்கு இறங்கும் பாதைக்குச் சற்று முன்னால், 11.28க்கு, வெடித்தது. வானே ஒருக்கால் தூக்கிப்போட்டது. கண்ணாடியில் பார்த்தால் ட்ரெயிலர் இடப்பக்கம் சரிந்து வாலை ஆட்டுகிறது. கறுப்புத் துண்டுகள் பறக்கின்றன. யன்னலில் ஒருவருமில்லை.

"அத்தான், பிறேக் பிடியுங்கோ!" என்று றெஜி கத்தினான்.

பிடிக்கவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். பிறேக்கைச் சடாரென்று அமத்தினால் பின்னால் வருகிற பாரம் வானையும் சுழற்றி எறிந்துவிடும். காலை எடுத்து, ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்து, தானாக வேகம் குறையவிட்டேன். வலப்பக்கம் கொள்கலன் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே சாமான்கள் உருளும் சத்தம் கேட்டது. லொறி கடந்ததும் ஓரமாக்கி நிறுத்தினேன். அரை நிமிடம்தான் எடுத்திருக்கும் என்கிறான் றெஜி. எனக்கு அது முடியவே இல்லை.

ஓடிப்போய்க் கதவை இழுத்தால் வரவில்லை, சட்டம் நெளிந்து இறுகியிருந்தது. "ஜெசி! மெலனி!" பதிலில்லை. ஜெசியின் போன் வானுக்குள் அவளுடைய கைப்பையில். ஐயோ மாதாவே, நானே ஏற்றி அனுப்பினேனே என்று அங்கேயே அழுதுவிட்டேன். றெஜி ஜாக்கிக் கம்பியைக் கொடுத்து நெம்பினான். கதவு திறந்தது.

இரண்டு பேரும் முன்கட்டிலுக்கும் சுவருக்குமிடையில் சுருண்டு கிடந்தார்கள். மெலனிக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஜெசிக்கு நெற்றியில் வீக்கம். வேறொன்றுமில்லை. இடப்பக்கச் சாப்பாட்டு மேசையடி, ஜெசி முதலில் இருந்த இருக்கை, அடியிலிருந்து பிளந்து கிடந்தது. ரயரின் மேற்பட்டை கழன்று சாட்டை மாதிரி அடித்து நிலத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. இருக்கையின் நடுவில் கம்பி நார்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "அப்பாவைப் பாக்கவேணும்" என்று மெலனி அடம்பிடித்ததால்தான் அவர்கள் முன்னுக்குப் போயிருக்கிறார்கள்.

உதிரி ரயரும் அதே வயதுக் கிழடு, காற்றே இல்லை. இழுவை லொறி வர ஒரு மணித்தியாலம், 120 டொலர். பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி லூயிஸ்வீலில் ஒரு கராஜ். மெக்கானிக்குக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோடு சரி. மெலனிதான் மொழிபெயர்ப்பு. றெஜி கோயிலில் காத்திருந்தவர்களோடு போனில் கதைத்துக்கொண்டு நின்றான்.

"கடைசியா எப்ப காத்துப் பாத்தது எண்டு கேக்கிறார் அப்பா."

"காலமை பாத்தது, ஐம்பது இருந்தது எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. கையால் வால்வை அமத்துகிற மாதிரிக் காட்டி, உஸ்ஸென்றும் சொன்னாள். ட்ரெயிலர் யன்னலால் பார்த்திருக்கிறாள். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்து "புர்க்குவா?" என்றான். ஏன் என்று கேட்கிறான், அந்தச் சொல் எனக்கு விளங்கும்.

மெலனி வாயால் அவன் சொன்னது இது: காற்றுக் குறைந்த ரயர் பாரத்தில் நசிந்து நசிந்து எழும்பும். அந்த நசிவில்தான் பயங்கரச் சூடு வரும். சூடாக இருக்கும்போது கூடிக் காட்டுகிற காற்றை ஒருநாளும் இறக்கக் கூடாது, அந்தக் கூடுதலையும் தாங்கத்தான் செய்திருக்கிறார்கள். பிறகு பக்கச் சுவரைத் துடைத்துக் காட்டினான். தயாரித்த கிழமையும் வருசமும் அதில் குத்தியிருக்கும். 2000க்குப் பிறகென்றால் நாலு இலக்கம், எங்களுடையதில் மூன்று. அதாவது போன நூற்றாண்டு ரயர்!

ஜெசி நெற்றியில் ஐஸ் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "சட்டியோட எங்களை ஏத்தினதும் நீங்கள், காத்தைத் திறந்து விட்டதும் நீங்கள். இப்ப பிள்ளையைக் கொண்டு பொய் வேற சொல்லுவிக்கிறீங்கள்" என்றாள். மெக்கானிக்குக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் மெல்ல எழும்பி வெளியே போய்விட்டான்.

ட்ருவா ரிவியேரிலிருந்து புது ரயர் வர மூன்று மணித்தியாலம். ஒன்று 94 டொலர், பூட்ட 15. வெடித்தது ஒன்றென்றாலும் இரண்டையும் மாற்றினேன், மற்றதும் அதே நாள் பிறந்த பிள்ளைதானே. கிழிந்த நிலத்துக்குத் தகரம் அடித்துத் தந்தான். எல்லாரும் வானில் ஏறி, 90க்கு மேல் போகாமல் பின்னேரம் 6.50க்குக் கோயிலடி சேர்ந்தோம். "ரயர் வெடிச்சுப் போச்சு" என்று மட்டும் ஜெசி எல்லாருக்கும் சொன்னாள். மற்றதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

போகப் போகிறவர்களுக்கு: வெட்டு ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ட்ரெயிலர் ரயர் ஓடித் தேய்வதில்லை, நின்று கிழடாகிறது. ஐந்தாறு வருசமானால் மாற்றுங்கள், உதிரி ரயரையும் சேர்த்துத்தான். கார் ரயரைப் பூட்டாதீர்கள், ட்ரெயிலருக்கென்றே செய்ததைக் கேளுங்கள். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். சாமான் ஏற்றிய பிறகு ஒருக்கால் நிறுத்துப் பார்த்து, மிச்சம் தாங்குகிற மாதிரி ஒரு படி கூட வாங்குங்கள், ஆனால் அதற்கு வேண்டிய கூடுதல் காற்றை உங்கள் றிம் தாங்குமா என்று கேட்ட பிறகு. வெளிக்கிட முதல், ரயர் குளிர்ந்திருக்கையில் காற்றைப் பாருங்கள். புதுச் சில்லு பூட்டினால் எண்பது கிலோமீற்றரில் நிறுத்தி நட்டுகளை இறுக்குங்கள். ஓடுகிற ட்ரெயிலருக்குள் ஒருவரையும் ஏற்றாதீர்கள். கறி ஊற்றுப்பட்டால் ஊற்றுப்படட்டும்.

இதை இங்கே போட முதல் ஜெசிக்கு வாசித்துக் காட்டினேன். "ரயரைப் பற்றி இவ்வளவு எழுதிப்போட்டு, உள்ளுக்கை நாங்கள் பட்டதைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்றாள். சுருக்கென்றது. இவ்வளவு நாளும் நான் அதைக் கேட்டதே இல்லை.

"சொல்லன்" என்றேன்.

"மெலனியை எனக்குக் கீழ போட்டு அமத்திப் பிடிச்சனான். பேந்து ட்ரெயிலர் நிக்கும் வரைக்கும் உங்கட பேரைச் சொல்லிக் கத்தினனான். நிண்ட உடன சத்தமே வரேல்லை."

கலியாணம் கட்டிப் பதினொரு வருசம். "இஞ்சாருங்கோ", "மெலனியின்ர அப்பா", அவ்வளவுதான். என் பெயரை அவள் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கும் எனக்குக் கேட்கவில்லை.