வழியில் கெட்டுப்போன எண்

ரொசாரியோ நகரில் எங்கள் சின்ன நாடக அரங்கின் விளக்குகளை இயக்கும் நிரலை நேலிதா புருசோனேயும் எல்வியோவும் கணவன் மனைவியாக இருந்தபோது எழுதினார்கள். எந்த விளக்கு, எவ்வளவு வெளிச்சம் என்று ஸ்கீம் என்ற நிரல்மொழியில் எழுதினால் அதைப் புரிந்துகொண்டு நடத்தும் இன்டர்பிரெட்டர் எல்வியோவின் வேலை. அது அனுப்பும் எண்களை வாங்கி விளக்குகளுக்குத் தரும் சி மொழிப் பகுதி நேலிதாவுடையது. பிரிந்த பிறகும் இருவரும் நிரலைக் கைவிடவில்லை, பேசிக்கொள்வதைத்தான் விட்டார்கள். சொல்ல வேண்டியதை டிக்கெட் கொடுக்கும் என்னிடம் சொல்வார்கள், நான் போய்ச் சொல்வேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நீண்ட நாடகம் போட்டோம். கடைசியில் தாய் சாகும்போது விளக்கு மெல்ல மங்க வேண்டும். முதல் நாளே அது பளீரென்று எரிந்தது. செத்துக்கொண்டிருந்த நடிகை கண்ணைப் பொத்திக்கொண்டாள், கூட்டம் சிரித்துவிட்டது. காட்சி காட்சியாக நடத்திய ஒத்திகையில் ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை.

நேலிதா தனக்கு வந்த எண்களைப் பார்த்தாள். விளக்கின் எண் சரி. வெளிச்சத்தின் எண் மட்டும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று. அவன் குப்பையை அனுப்புகிறான் என்று சொல்லச் சொன்னாள். எல்வியோவோ, தான் ஒழுங்காகத்தான் அனுப்புவதாகவும் வாங்குகிறவள்தான் கெடுப்பதாகவும் சொல்லியனுப்பினான். எனக்கு அலுத்துப்போனது.

"இனி நான் தூது போறதா இல்ல. ரெண்டு பேரும் நேர்ல வாங்க" என்றேன்.

வந்தார்கள். காலி அரங்கில், நடுவே ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். நான் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை ஊற்றி மாறி மாறிக் கொடுத்தேன். வெகுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. நீண்ட நாடகம் முழுதாக ஓடும்போது மட்டும் வருகிறதென்றால், நினைவகம் நிறைந்து இன்டர்பிரெட்டர் அதைச் சுத்தம் செய்யும்போதுதான் வருகிறதோ என்று நேலிதாவுக்குத் தோன்றியது. அடிக்கொரு தரம் சுத்தம் நடக்கும்படி மாற்றி ஓட்டினாள். முதல் விளக்கிலேயே எண் கெட்டது.

எல்வியோவின் முகம் மாறியது.

"சுத்தம் பண்றப்போ எல்லாத்தையும் இடம் மாத்தி வெக்கிற மாதிரி போன வருஷம் திருத்தினேன்" என்றான்.

அவளுடைய பகுதி முதல் எண்ணை எடுத்ததும் நினைவகத்தில் புதிதாக இடம் கேட்கும். அந்த நேரம் பார்த்துச் சுத்தம் நடந்தால் இரண்டாவதான வெளிச்ச எண் வேறிடம் போய்விடும். அவள் நிரல் பழைய இடத்தில் கிடந்த எதையோ படித்துக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?" என்றாள் நேலிதா.

"நாம பேசிக்கிட்டா இருந்தோம்?"

"இவகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"இவளுக்கு என்ன புரியும்?"

"புரியாட்டியும் வந்து ஒப்பிச்சிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு நேலிதா, "நானும் ரெண்டையும் எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் இடம் கேட்டிருக்கணும்" என்றாள். அப்படியே திருத்தினாள். வரி வரியாக எல்வியோ சரிபார்த்தான்.

சனிக்கிழமை விளக்கு மெல்ல மங்கியது. யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது. எல்வியோ பின்சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து நேலிதாவின் இப்போதைய தொலைபேசி எண்ணைக் கேட்டான். அவளிடமே கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சநேரம் வாசலில் நின்று யோசித்தான். பிறகு போய்க் கேட்டான்.