தங்கராசு உடம்பு தேறிய மாதம்

தங்கராசுவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவற்றில் அவனுக்கு ரொம்ப நெருக்கமானது ஃபீடு. அவன் வேலையே அதுதான். சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் வருகிற பழுப்புக் கரி, நெய்வேலி அனல் மின் நிலையத்துக் கொதிகலனுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியின் வாய்க்குள் இறங்கும். மழை பெய்தால் ஈரக் கரி சேறாகி அந்த வாயை அடைத்துக்கொள்ளும். மேலே நின்று கடப்பாரையால் குத்தி இறக்கிவிட வேண்டியவன் தங்கராசு. அவன் ஒரு பீடி பிடிக்க ஒதுங்கினால் போதும், கீழேயிருந்து சூபர்வைசர் சோமசுந்தரத்தின் கோயமுத்தூர்க் குரல் ஏறி வரும்.

"ஏனப்பா தங்கராசு, ஃபீடு பத்தலையே! தூங்கறயா?"

வேலை முடிந்து வெளியே வந்தாலும் அந்த வார்த்தை அவனை விடுவதாக இல்லை. கொதிகலனுக்குப் போகிற தண்ணீர் ஃபீடு வாட்டர். கரண்டு நின்றால் ஃபீடர் போய்விட்டது என்றார்கள். குவார்ட்டர்ஸில் கோழி வளர்த்த ஓர் அம்மாள் ஃபீடு கிடைக்கவில்லை என்று புலம்பினாள். மைதானத்தில் பந்து விளையாடிய இளவட்டப் பையன்கூட "எனக்கு ஃபீடு பண்ணுடா" என்று கத்தினான். கேட்கக் கேட்கத் தங்கராசுவுக்கு வெள்ளைக்காரன் மேல் இரக்கமே வந்துவிட்டது.

"பாவம்டா அவன்," என்று கூட வேலை பார்த்த கலியனிடம் சொன்னான். "நாம கொழந்தைக்குப் பால் குடுக்கறோம், மாட்டுக்குத் தீனி வெக்கறோம், சாமிக்குப் படையல் போடறோம், விருந்தாளிக்குப் பரிமாறறோம், செத்தவனுக்கு வாய்க்கரிசி போடறோம். அவங்கிட்ட எல்லாத்துக்கும் சேத்து ஒரே வார்த்தைதான் கீது. வூட்ல ஒரே கரண்டிய வெச்சிக்கினு கொழம்புக்கும் பாயசத்துக்கும் முழிக்கறவன் மாரி."

"நீ மொதல்ல ஒன் வவுத்தப் பாரு," என்றான் கலியன்.

பார்க்க வேண்டிய வயிறுதான். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வணக்கம் சொல்லும். கம்மாபுரத்துப் பக்கம் பரம்பரையாக ஊரார் நிலத்தில் உழைத்த குடும்பம் அவனுடையது. சுரங்கத்துக்காக நிலத்தை எடுத்தபோது நிலத்துக்காரருக்கு நஷ்டஈடு கிடைத்தது. நிலத்தில் உழைத்தவனுக்கு வேலை போனதுதான் மிச்சம். அப்படிப் பிழைக்க வந்து கான்ட்ராக்டில் ஒட்டிக்கொண்டவன் பெயரை, இப்போது பெர்மனென்ட் ஆக்குவதற்கு சோமசுந்தரமே சொல்லியிருந்தார். பெர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ் உண்டு, பெண்டாட்டி பிள்ளைக்கு ஆஸ்பத்திரி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளையிலிருந்து வராதே என்று எந்தக் கான்ட்ராக்டரும் சொல்ல முடியாது.

டாக்டர்தான் குறுக்கே நின்றார். தங்கராசுவைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு ராத்தல் குறையுதேப்பா. ஒரு மாசம் கழிச்சு வா. அப்பவும் ஏறலைன்னா அடுத்த ஆளைத்தான் எடுக்கணும்."

குடிசைக்கு வந்து சொன்னபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அவன் மனைவி செங்கமலம் சிரித்துவிட்டாள்.

"நாலு ராத்தலுதான மாமா? ஒரு வெள்ளாட்டுக் குட்டி ஏத்திக்கும். ஒன்னால முடியாதா?"

அன்றிலிருந்து தங்கராசு சாப்பாட்டை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டான். வீட்டில் கூழ் போய்ச் சோறு வந்தது. ஊறவைத்த வேர்க்கடலை வந்தது. எங்கிருந்தோ முட்டை வந்தது. அதெல்லாம் போதாதென்று வெளியிலும் வேட்டைக்குப் புறப்பட்டான். டவுன்ஷிப்பில் எந்த ஜில்லாக்காரர் வீட்டில் கல்யாணம் நடந்தாலும், நெற்றியில் திருநீறும் தோளில் துண்டுமாக முதல் பந்தியில் இருப்பான். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா சந்தேகப்பட்டு, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"எலைக்கு இந்தப் பக்கம்ங்க," என்றான் தங்கராசு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

யாருடைய கருமாதி என்றுகூடத் தெரியாமல் போய் உட்கார்ந்து, பாயசம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு. லீவு நாளில் பஸ் ஏறி வடலூர் தருமசாலைக்குப் போய்விடுவான். பசி என்று வந்தவரை அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. பொய்க்கு வேலையே இல்லாத அந்த இடத்திலும் தங்கராசு பழக்கதோஷத்தில் ஒரு பொய் சொன்னான். இரண்டாவது பந்தியில் அவனைக் கண்டு பரிமாறுகிறவர் லேசாகச் சிரித்ததுதான் தாமதம்.

"போன பந்தியில ஒக்காந்தது எங்க அண்ணன்ங்க. நாங்க ரெட்டப் புள்ளைங்க."

"அதுக்கென்னப்பா, சாப்புடு. இன்னும் கூடப்பொறந்தவங்க இருந்தா அடுத்த பந்திக்கும் வரச்சொல்லு," என்றார் அவர், ஒரு கரண்டி சோற்றைக் கூடவே போட்டு.

வீட்டில் அவன் சாப்பிடும்போது செங்கமலம் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருப்பாள். அவன் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகு அவள் சாப்பிடுவாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆம்பிளை எழுந்து கை கழுவிய பிறகு பானையில் என்ன இருக்கிறது என்று எந்த ஆம்பிளையும் எட்டிப் பார்த்ததில்லை, தங்கராசுவும் பார்க்கவில்லை.

மாசம் முடிந்தது. தராசில் ஏறினான். முள் வேண்டிய இடத்தைத் தாண்டியே நின்றது. டாக்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். தங்கராசு பெர்மனென்ட்.

முதல் வேலையாக அவன் செய்தது, மனைவியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. அவர்களுக்கு நோயொன்றும் இல்லை. உரிமை வந்துவிட்டதே, அதை அனுபவித்துப் பார்க்க வேண்டாமா! பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். நர்சு விஜயகுமாரி பெயரைக் கேட்டதற்கு, "தங்கராசு, பெர்மனென்ட்டு" என்று பட்டத்தோடு சேர்த்துச் சொன்னான்.

நர்சு குழந்தையை நிறுத்துப் பார்த்தாள். முகம் சரியாக இல்லை. அடுத்துச் செங்கமலத்தைத் தராசில் ஏறச் சொன்னாள். முள்ளைப் பார்த்ததும் அவளைத் திரும்பிப் பார்த்து, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"பிள்ளை பெத்தவ உடம்பா இது? ரத்தமே இல்லையே! என்னம்மா சாப்பிடறே?"

"நல்லாத்தாங்க சாப்புடறேன்."

"பொய் சொல்லாதே. இப்படியே போனா பால் வத்திடும். பச்சைக் குழந்தை என்ன பண்ணும்?" என்ற நர்சு, பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. இவங்க சாப்பிட்டு நீங்க பாத்திருக்கீங்களா?"

போட்டிருந்த காலைத் தங்கராசு மெதுவாகக் கீழே இறக்கினான். வெட்கத்தில் அவனுக்குக் காதெல்லாம் சுட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் வெடித்தான். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ தின்னுவியா? இருக்கறது ஒரு ஆளு சோறு," என்றாள் செங்கமலம், குழந்தையைத் தூளியில் போட்டபடி. "ஆளுக்குப் பாதின்னு தின்னுருந்தா ரெண்டு பேருமே ஃபெயிலு. அதான் ஒரு ஆளப் பாஸாக்கிட்டேன். இப்ப இன்னா கெட்டுப்போச்சு? மொத சம்பளம் வரட்டும், நானும் தின்னுக்கறேன்."

"சம்பளம் வர்ற வரைக்கும்லாம் வேணாம். ஒக்காரு."

"மாமா, ஆம்பள சோறு போட்டு நான் தின்னா பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சிக்கினு போவட்டும். ஒக்காருன்னா ஒக்காரு."

அவள் உட்கார்ந்தாள். பரிமாறி அறியாத கை. சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் சாய்த்து மொத்தமாகத் தட்டில் கவிழ்த்தான். குழம்பு தரையெல்லாம் ஓடியது.

"கரி கொட்டறாப்புல கொட்டறியே! கடப்பாரை எடுத்தாரட்டா?" என்று சொல்லிச் சிரித்தவள், ஒரு வாய் எடுத்து வைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு தலை நிமிரவே இல்லை. அவ்வளவு வேகமாக அவள் சாப்பிட்டுத் தங்கராசு பார்த்ததில்லை. அவள் சாப்பிட்டே அவன் பார்த்ததில்லை.

அவள் கை கழுவப் போனபோது, தனக்கென்று பானைக்குள் கரண்டியை விட்டான். அடிப்பானையில் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. ஒட்டிக்கிடந்த பருக்கைகளில் தண்ணீரை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு, தின்றாயிற்று என்று சொல்லி செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பினான்.

விளக்குப் போடும் நேரத்துக்குள் கண் இருட்டியது. கடப்பாரையை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான். ஒரே ஒரு வேளைப் பட்டினிக்கே அப்படி. அவள் ஒரு மாசம் முழுக்கப் பட்டினி இருந்திருக்கிறாள், பிள்ளைக்குப் பாலும் கொடுத்துக்கொண்டு.