வேலூர்ப் பக்கம் விழுந்த காலேஜ்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, அக்காவின் காலேஜ் எந்தப் பக்கம் போகும் என்பதுதான். கட்டடம் எங்கேயும் போகாது. உத்திரமேரூர் ரோட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆட்டப் போட்டிக்கு மட்டும் அதைச் செங்கல்பட்டுப் பக்கத்துக் காலேஜ்களோடு சேர்த்திருந்தார்கள். அங்கிருந்து எடுத்து வேலூர்ப் பக்கம் போடப்போவதாகப் பேச்சு. அங்கே ஆடுவதற்குக் காலேஜ்கள் குறைவாம்.

அக்கா கபடி ஆடுவாள். அவளுக்கு சீட் கிடைத்ததே கபடியால்தான். ஆடாவிட்டால் சீட் நிற்காது. நைனா நெல் மூட்டை தூக்குகிறவர். வாய் திறப்பது அபூர்வம். கபடிக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். செங்கல்பட்டு என்றால் டவுன் பஸ் பிடித்து இருட்டுவதற்குள் எங்கள் ஊர் சாலவாக்கத்துக்கு வந்துவிடலாம். வேலூர் என்றால் முடியாது.

நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். வேலூர்தான் வேண்டும் என்று சாமி கும்பிட்டேன். தூரம் போனால் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போவார்கள் என்று நினைப்பு.

அக்காவின் ஆட்ட டிராயர் கொடியில் அம்மா புடவைக்கு அடியில்தான் காயும். நைனா கண்ணில் படக்கூடாது. வயசுக்கு வந்த பெண் டிராயரோடு நிற்பதை அப்பன் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நைனாவும் கொடிப் பக்கம் போகமாட்டார்.

லிஸ்ட் வந்தது. வேலூர்தான்.

"வேலூரு இன்னா பக்கத்துலயா கீது? ஆடினது போதும் வுடு" என்றாள் அம்மா. அக்கா டிராயரை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். நைனா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் அம்மாவைக் கேட்டார்.

"உன் பொடவைக்கு அடியில ஒண்ணு காயுமே. எங்க காணோம்?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அக்கா உள்ளே போய்விட்டாள். என்றைக்கு ஆட்டம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்று நான்தான் சொன்னேன்.

"நான் கூட்டிக்கினு போறேன். நீயும் வா" என்று என்னிடம் சொன்னார்.

வேலூரில் அக்கா டீமோடு சேர்ந்துகொண்டாள். நைனா கயிற்றுக்கு வெளியே, கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே காம்பவுண்டு சுவர். அதையே பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "இன்னா பெரியவரே, ஆட்டம் அந்தாண்ட நடக்குது. செவுத்துல எதனா படம் ஓடுதா?" என்றார். நைனா லேசாகச் சிரித்தார்.

ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வேறு யார் பாடிக்கொண்டு போனாலும் சும்மா இருப்பார். அக்கா கபடி கபடி என்று மூச்சுப் பிடித்துப் போனால் மட்டும் மடியில் இருந்த துண்டை முறுக்குவார்.

கடைசியாக அக்கா போனாள். பாட்டு நடுவில் அறுந்தது. அவள்மேல் நாலு பேர் விழுந்தார்கள்.

"எய்ந்துட்டாளா?" என்று நைனா சுவரைப் பார்த்துக் கேட்டார்.

நான் அதற்குள் ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை என்றேன். அவர் அப்போதும் திரும்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. தான் அவுட் இல்லை என்று அக்கா யாரிடமோ சண்டை போடும் குரல் கேட்ட பிறகுதான் விட்டார்.

தோற்றுப்போனார்கள். அக்கா சுடிதார் மாற்றிக்கொண்டு வந்த பிறகு நைனா எழுந்து திரும்பினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று கேட்டார்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. விளக்கு வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா ஜன்னலில் சாய்ந்து தூங்கினாள். இவ்வளவு தூரம் வந்து ஏன் ஆட்டம் பார்க்கவில்லை என்று நைனாவைக் கேட்டேன்.

"பாத்தனே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துவிட்டு நைனா பொய் சொல்கிறார் என்றேன்.

மறுநாள் அம்மாவே அந்த டிராயரைத் துவைத்து, நல்ல வெயிலில், கொடியின் நடுவில் போட்டாள். மேலே புடவை இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளே போய் அவள் புடவை ஒன்றைக் கொண்டுவந்து நானே மேலே போட்டு மூடினேன்.