மடிக்காரி ஆமை ஏறிய கதை

முதலில் நான் உண்டாக்கிய பெண்ணுக்கு நிலவு நிறத்தில் கூந்தல். காற்றோடு பேசுவாள். நெருப்பை உள்ளங்கையில் ஏந்துவாள். அரசன் மகள், ஆனால் அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. ஏழு மொழி தெரியும், பாம்பின் மொழியையும் சேர்த்தால் எட்டு. அவள் மலைச்சரிவில் இறங்கி வருவதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பனி, பனிக்குள் கொலுசு, கொலுசுச் சத்தத்துக்குத் தலை தூக்கும் புல். எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தியைப் பெற்றுப் போட்ட மாதிரி இருந்தது.

ஒருவரும் அவளிடம் பேச வரவில்லை.

அது என் தங்கச்சியின் விளையாட்டு. போனில் ஒரு குழு. எல்லோரும் சேர்ந்து ஒரு கதையை எழுத்திலேயே விளையாடுவார்கள். ஆளுக்கோர் ஆள். அந்த ஆளை நாமே உண்டாக்கி, அவனாகவோ அவளாகவோ இருந்து நடக்க வேண்டும், பேச வேண்டும், அடிபட வேண்டும். வீசிய வாள் பட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். பகடை, கதையை நடத்துகிறவளின் கையில். அவள் அக்குறணையில் ஒரு மருந்துக்கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். ‘சொல்லுங்க’ அவளுக்குச் ‘செல்லுங்க’; என்னைத் ‘தாத்தா’ என்று கூப்பிடுவாள். அக்காவை அப்படிச் சொல்வது முஸ்லிம் வீடுகளில் வழக்கம் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருந்தாலும் முதல் தடவை அதை எழுத்தில் பார்த்தபோது மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தங்கச்சி என்னைவிடப் பத்து வயது இளையவள். டோஹாவில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். நான் கண்டியில், மஹய்யாவ வீட்டில். தினமும் மாலையில் அவள் அழைப்பாள்.

“சாப்டியா?”

“ம். நீ?”

“ம். அங்க மழையா?”

“தூறுது.”

“சரி, வைக்கவா?”

கோபம் எதுவும் இல்லை. பேச்சுத்தான் தீர்ந்துபோயிருந்தது, டப்பாவில் சீனி தீர்வது போல, யாரும் கவனிக்காமல். ஒருநாள் அவளே சொன்னாள்:

“அக்கா, நீயும் வந்து வெளையாடேன். இங்க ஒனக்கும் எனக்கும் மழைய விட்டா பேச்சில்ல. அங்க வந்து பாரு, நான் வேற ஆளு.”

குழுவில் பழைய விளையாட்டுகளை எல்லாம் மேலே தள்ளித் தள்ளி வாசித்தேன். அவளுடைய ஆள் ஒரு கள்ளி. எந்தப் பூட்டையும் திறப்பாள், திறக்கும்போது பூட்டோடு சண்டை போடுவாள். ‘ஏன்டி இறுக்கமா இருக்க, ஒன்ன என்ன கலியாணமா பண்ணிக்கக் கேட்டேன்?’ என்று ஓர் அரண்மனைக் கதவிடம் அவள் கேட்டிருந்த இடத்தில் நான் அடுப்படியில் நின்று வாய்விட்டுச் சிரித்து, ரொட்டியைக் கருக்கினேன். வீட்டுக்கு ஆள் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை அது. என் தங்கச்சிக்கா இவ்வளவு வாய்? அந்த வாய் இருக்கிற ஊருக்கு நானும் போக வேண்டும் என்று அந்தக் கருகல் வாசத்திலேயே முடிவெடுத்தேன்.

ஆனால் அந்த ஊருக்குள் நுழைய ஒரு தவணை இருந்தது. புதிதாக வருகிற ஆளுக்கு மூன்று வெள்ளிக்கிழமை. அதற்குள் வேறு யாருடைய ஆளாவது தானாக வந்து, அவளிடம் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும், அல்லது கேட்க வேண்டும். வெட்டுவது சேர்த்தியில்லை. கூட்டி வந்தவரும் சேர்த்தியில்லை. தங்கச்சி உதவ முடியாது. யாரும் வராவிட்டால் ஆளைக் கலைத்துவிடுவார்கள். அடுத்த கதை தொடங்கும் வரைக்கும் வாசல் அடைப்பு. நடந்துகொண்டிருந்த கதையோ போன வருஷத்துப் பெரஹரா ஊர்வலத்துக்கு முன்பே ஆரம்பித்து, இப்போதுதான் இரண்டாவது குன்றுக்கு வந்திருந்தது. எத்தனை குன்று என்று கேட்டேன். “அது எனக்கே தெரியா தாத்தா” என்றாள் நடத்துகிறவள்.

முதல் வெள்ளி போனது. இரண்டாவது வெள்ளி, நிலவுக்கூந்தல்காரியை ஆற்றங்கரைக்கு இறக்கி, இன்னும் ஒரு பக்கம் எழுதினேன். தண்ணீரில் அவள் முகம், முகத்தில் தண்ணீரின் சுளிப்பு.

“தாத்தா, கோவிச்சிக்காதீங்க” என்று நடத்துகிறவள் எழுதினாள். “உங்கட ஆள் ஆத்துக்கு எறங்கி வாரத்துக்குள்ள இங்க சண்டையே முடிஞ்சி, மய்யத்தும் எடுத்தாச்சி.”

குழுவில் நோர்வேயில் பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் இருந்தான், கல்லூரியில் படிக்கிறான். தாய் தகப்பன் யாழ்ப்பாணம். அவனுடைய ஆள் இரும்புக்கவசம் போட்ட வீரன்; தோளில் எப்போதும் ஒரு தோல்மூட்டை. அவன் மரியாதைக்காரன். “அக்கா, முழுக்க வாசிச்சனான். நல்ல வடிவா இருக்கு. அவவிட்ட என்ன கேக்கிறதெண்டுதான் தெரியேல்ல” என்றான்.

தங்கச்சிக்கு மரியாதை எல்லாம் கிடையாது. அன்று மாலை அழைத்தவள் சாப்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

“அக்கா, ஒன் ஆளு கலியாண வீட்ல ஐஸ்ல செஞ்சி வச்சிருப்பாங்களே, அன்னம், அது மாதிரி. எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க. யாராச்சும் அதுகிட்ட போயி தண்ணி கேப்பாங்களா?”

“ஐஸ்தானே. தண்ணியாவும் ஆகும்.”

“ஒரு வாரம் இருக்கு. கரைஞ்சிறாத.”

சிரித்துவிட்டு வைத்தோம். வைத்த பிறகு எனக்குப் பயம் வந்தது. ஆள் கலைந்தால் மறுபடி மழையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான் பிலிமத்தலாவையில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்க்கிறவள். கலியாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், ட்யூஷன் வகுப்பு விளம்பரம். முதலாளி வெள்ளிக்கிழமை கடையைத் திறப்பதில்லை. அதனால்தான் எனக்கு அந்த விளையாட்டுக்கே நேரம் கிடைத்தது. கடைசித் தவணைக்கு முந்தைய நாள், வியாழன் மாலை, கண்டிக்கு பஸ் ஏறினேன். கடுகண்ணாவை மலையேறி வரும்போதே நிறைந்து வந்த பஸ். பேராதனையில் ஒரு பெரியவர் எழும்ப, எனக்கு நடைவழி ஓரத்து இடம் கிடைத்தது.

உட்கார்ந்த உடனே என் கை தன்பாட்டுக்கு நீண்டது. பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் நின்ற ஒரு பிள்ளை, முதுகில் கல் மாதிரி ஒரு பை. பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் தோளைக் கழற்றிக் கொடுத்தாள். இந்தப் பக்கத்து பஸ்களில் அவ்வளவுதான் பேச்சு. இருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வார், நிற்பவர் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிள்ளையின் தோழி, அவளது பை. அதற்கு மேல் ஒரு தண்ணீர்ப் போத்தல். யாரோ ஒருவரின் குடை, அது நனைந்த குடை. அப்புறம், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, ஒரு முட்டைத் தட்டு மிதந்து வந்தது. அதைப் பிடித்திருந்த கையை மட்டும் கண்டேன். சிங்களத்தில் ஒரு பெண்குரல், கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொன்னது. வைத்துக்கொண்டேன்.

“இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட!” என்று கண்டக்டர் முன்னுக்குத் தள்ளினான். முன்னுக்கு இடம் எங்கே இருந்தது? பஸ் வளைந்தது, நாங்கள் எல்லோரும் வளைந்தோம், முட்டைகள் ஒன்றோடொன்று மெதுவாக ஏதோ பேசிக்கொண்டன. அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், என் பைக்குள் போன் அடித்தது. தங்கச்சி. எடுக்க முடியவில்லை. மூக்கு அரித்தது, சொறிய முடியவில்லை. கெட்டம்பேயில் இறங்கித் தையல்காரியிடம் சட்டை வாங்க வேண்டும். கெட்டம்பே வந்தது, கெட்டம்பே போனது, முட்டைக்காரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நான் எப்படி எழும்புவது?

அங்கேதான் கதைக்கான என் புது ஆள் வந்து என் மடியில் உட்கார்ந்தாள். மற்றச் சாமான்களோடு சாமானாக. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முட்டையை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டே கண்டி வரைக்கும் வந்தேன்.

கதைக்குள் ஒரு ராட்சத ஆமை உண்டு. குன்றுக்குக் குன்று ஆட்களை முதுகில் ஏற்றிப் போகும். எப்போதும் நெரிசல். அதன் கண்டக்டராகப் பேசுவதும் நடத்துகிறவள்தான். வெள்ளிக்கிழமை மாலை, நிலவுக்கூந்தலை ஆற்றோடு அனுப்பிவிட்டேன். அவளுக்குப் பதில் மடிக்காரி என்று ஒருத்தி ஆமையின் முதுகில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னேன். நடுத்தர வயது. கூந்தலின் நிறம் சொல்லவில்லை. ஒரு சக்தியும் இல்லை. மற்றவர் சுமையை வாங்கி வைத்துக்கொள்வாள். திறந்து பார்க்கமாட்டாள். இறங்கும்போது திருப்பிக் கொடுப்பாள். எல்லோரும் இறங்கும் வரை எழும்ப முடியாததால், தான் இறங்க வேண்டிய இடத்தில் இதுவரை இறங்கியதே இல்லை.

“சரி, ஆள மாத்தலாம். தவண மாறாது” என்றாள் நடத்துகிறவள். “தாத்தா, சுருக்கமா.”

இரும்புவீரன் ஆமையில் ஏறினான். நெருக்கித் தள்ளி முன்னால் வந்து நின்றான். பஸ்ஸில் செய்வதையே செய்தேன். சுருக்கமாக, ஒரே வரி:

‘மடிக்காரி கையை நீட்டி, அவன் தோள்மூட்டையைப் பிடித்து இழுத்தாள்.’

பதில் மின்னல் மாதிரி வந்தது. ‘கள்ளி! வாளை உருவுறன். கையை வெட்டுறன்!’

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். நீளமாக எழுதினால் கதை முடிந்துவிடுகிறது, சுருக்கமாக எழுதினால் கை போகிறது. நடத்துகிறவள் பகடையை உருட்டினாள்.

“படுது” என்று எழுதினாள். “விலகினாத்தான் தப்பலாம். தாத்தா, செல்லுங்க, மடிக்காரி விலகுறாளா?”

யோசிக்க நேரமில்லை. ‘விலக முடியாது. மடியில் வேறு யாருடையதோ முட்டைத் தட்டு இருக்கிறது.’

பிறகு தங்கச்சியின் கள்ளி கூட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்தாள்.

‘ஏய் இரும்பு! இந்த ஆமைல கள்ளின்னா அது நான் ஒருத்திதான். அனாவசியமா எந்தொழில்ல இன்னொருத்திய சேக்காத! வாள எறக்கு. இந்தா மடிக்காரி, என் சாவிக்கொத்து. பத்திரம், எண்ணி வச்சிருக்கேன்.’

கூட்டி வந்தவள் கொடுத்தது சேர்த்தியில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் பாய்ந்தாள் என்று அந்த வரியை மறுபடி வாசித்துச் சிரித்தேன்.

நோர்வேப் பையன் கதைக்கு வெளியே வந்து கேட்டான்: “ஒருக்கா நில்லுங்கோ. இது உண்மையாவே அங்க நடக்கிறதோ? தெரியாத ஆக்களின்ர மடியில பையை வைப்பினமோ?”

“ஓ, வைக்கிறதானே” என்றாள் நடத்துகிறவள். “நான் ஸ்கூல் போன காலம் முழுக்க என்ட பேக்க நான் சொமந்ததே இல்ல. யார்ட மடி எண்டும் தெரியா.”

“கேக்காமலே இழுப்பினமோ?”

“கேட்டாத்தான் சந்தேகம் வரும்” என்றாள் தங்கச்சி.

“திருப்பித் தருவினமோ?”

நடத்துகிறவள் சிரிப்புப் பொம்மைகளை ஒரு வரிசைக்குக் கொட்டினாள். தங்கச்சி எழுதினாள்: “தம்பி, எறங்குறப்ப மத்தவங்க பையும் சேந்து வந்தாத்தான் பிரச்சினை.”

அவன் பெயருக்குக் கீழே ‘எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்ற குறி வந்தது, போனது, மறுபடி வந்தது. யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டு ஓடினார்கள்.

‘வீரன் வாளை உறையில் போட்டான். தோளில் இருந்த மூட்டையைக் கழற்றினான். அதை அவன் ஒருநாளும் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. மடிக்காரியின் மடியில், முட்டையில் படாமல், பக்குவமாக வைத்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். காற்று வந்தது.’

“சேத்தாச்சி தாத்தா” என்றாள் நடத்துகிறவள். பிறகு ஆமையின் கண்டக்டராக, பெரிய எழுத்தில்: ‘இஸ்ஸரஹாட்ட! இஸ்ஸரஹாட்ட!’

அதற்குப் பிறகு மடிக்காரிக்கு ஓய்வே இல்லை. ஆமை ஏறுகிறவர்கள் எல்லாம் அவளைத் தேடினார்கள். ஒரு மந்திரவாதி தன் நிழலைச் சுருட்டிக் கொடுத்தான். இரண்டு எதிரிப் படைகள் ஒரே ஆமையில் ஏற, இரண்டு கொடியும் அவள் மடியில் கிடந்தன. எது யாருடையது என்று தெரியாமல் இறங்கும்போது மாற்றிக் கொடுத்து, போரே குழம்பியது. தங்கச்சியின் மாலை அழைப்புகள் நீண்டன. சாப்டியா என்று கேட்க இருவருக்கும் மறந்துபோனது. “அந்த நிழல ஏன் மடிச்சி வச்ச, கசங்கிறாது?” என்று தொடங்கினால், அவள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு முடிக்கும் வரை போகும். கிளினிக்கில் ஒரு கிழவர் கழற்றிய பல்செட்டைத் தன் கையில் கொடுத்துவிட்டுப் போன கதையை, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த கதையை, அப்படித்தான் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை ஆமை மூன்றாம் குன்றை நெருங்கியது. கள்ளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மடிக்காரியிடம் வந்தாள்.

‘எந்திரி.’

‘முடியாது. மடி நெறைய இருக்கு’ என்று எழுதினேன்.

‘அதான் எந்திரின்றேன். நான் ஒக்காந்துக்கிறேன். எல்லாத்தையும் எம்மடிக்கு மாத்து. ஒன் எடம் வந்துருச்சி.’

‘கள்ளியின் மடியிலா?’ என்று வீரன் பதறினான்.

‘மூடிட்டுக் கம்பியப் புடி’ என்றாள் கள்ளி.

ஒவ்வொன்றாக மாற்றினேன். நிழல், கொடி, தோல்மூட்டை, யாரும் இதுவரை கேட்டு வராத அந்த முட்டைத் தட்டு. மாற்றி முடிந்ததும் என் விரல்கள் நின்றுவிட்டன. அவள் இறங்கும் இடம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்து வைக்கவே இல்லை. பனியா? ஆறா? புல் தலை தூக்குமா?

‘எறங்குக்கா!’ என்று தங்கச்சி எழுதினாள்.

“கதைக்குள்ள அக்கா, தாத்தா ஒண்டும் செல்லப்படா” என்று நடத்துகிறவள் அதட்டினாள்.

‘எறங்குடி மடிக்காரி!’

இறங்கினாள். கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. ஒரு காலை உதறினாள், மற்றக் காலை உதறினாள். உதறிய உதறலில் அது ஓர் ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஆமையிலிருந்து பார்த்தவர்கள் கைதட்டினார்கள். குன்றின் பெயரைக்கூட நான் எழுதவில்லை. போன் அடித்தது, டோஹாவிலிருந்து. எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை, ஒரே சிரிப்பு. என் கால்களும் சமையலறைச் சீமெந்துத் தரையில் தன்பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தன.