தோளில் தொங்கிய தாம்பூலப் பை

பை என்றால் என்ன என்று ஒரு தையற்காரருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அதுவும் முழுத் தாளில், இரண்டு பக்கமும். அவரோ நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பை தைப்பவர்.

எழுபதுகளின் தொடக்கத்தில், என் தங்கையின் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை ஏற்பாட்டை அப்பா என்னிடம் விட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தவர்கள். நான் மட்டும் பி.ஏ. வகுப்பில் உட்கார்ந்தவன். வேறு எந்தக் கல்யாண வேலையையும் நம்பிக் கொடுக்க முடியாதவனுக்குப் பையைக் கொடுக்கலாம் என்று அவர் நினைத்தது நியாயம்தான். போன கல்யாணத்தில் கொடுத்த பை மாதிரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற வேலை. படித்தவன் அப்படிச் சொல்வானா?

ஆகவே எழுதினேன். பை என்பது காடாத் துணியால் ஆனது. மஞ்சள் நிறம் உடையது. மூன்று பக்கமும் மூடி, மேல்பக்கம் திறந்திருக்க வேண்டும். மூடி, பித்தான், உள்ளறை எதுவும் கூடாது. ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் போட்ட பிறகும் வாய் பிளக்காத அகலம் வேண்டும். பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் ஒவ்வொரு காது, அதே துணியை மடித்துத் தைத்தது. இதுவரை குற்றமில்லை. அடுத்து, காதின் நீளத்துக்கு வந்தேன். கல்யாணத்திலிருந்து திரும்புகிறவனுக்கு ஒரு கையில் குடை, மறு கையில் குழந்தை. பை தோளில் அல்லவா தொங்க வேண்டும்? காதைத் தாராளமாக நீட்டச் சொன்னேன். தையற்காரர் தாளைப் படித்தார், என்னையும் ஒருமுறை படித்தார், சரி என்றார்.

பைகள் முகூர்த்தத்தன்று காலையில்தான் வந்தன. தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில், அப்பா ஒரு பையில் தேங்காயைப் போட்டுக் கையில் பிடித்தார். தேங்காய் தரையில் உட்கார்ந்தது. தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன்.

“தாம்பூலத்த கையில வாங்குவாங்களா, தோள்ல மாட்டுவாங்களாடா? சம்பந்திங்க பிச்சைக்குப் போறாப்பல தெருவுல போவணுமா?”

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, காலையில் காபி ஆறியிருந்ததற்கே இன்னும் முகம் ஆறாமல் இருந்தார். இந்தப் பையையும் பார்த்துவிட்டால், தங்கை போகிற வீட்டில் காலமெல்லாம் அதுவே பேச்சாக இருக்கும்.

கழுத்தில் மாலையோடு வந்து எட்டிப் பார்த்த தங்கைதான் வழி சொன்னாள். “ஏண்ணா, நீ எழுதினது போதும். உக்காந்து முடிச்சு போடு.”

காதுகளைச் சுருக்கி முடிச்சுப் போட்டால் பை மேலே ஏறிவிடும், அவ்வளவுதான். அறுந்த இழையைப் பிணைத்தே வளர்ந்த கூட்டம் எங்களுடையது. அத்தைகளும் மாமாக்களும் வட்டமாக உட்கார்ந்து, பந்தியில் ரசம் போய் மோர் வருவதற்குள் மொத்தக் குவியலையும் ஒப்பேற்றிவிட்டார்கள். நான் போட்ட முடிச்சுகளை மட்டும் ஓர் அத்தை சிரித்துக்கொண்டே அவிழ்த்து மறுபடி போட்டாள்.

பெரியப்பா பையைக் கையில் வாங்கி, காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதென்ன முடிச்சு என்றார்.

“கல்யாணமாச்சே, முடிச்சு ராசி” என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு பை கேட்டு வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, பை எப்படி உழைக்கிறது என்று கேட்டேன். பாராட்டு வாங்கும் ஆசை எனக்கு அப்போதும் விடவில்லை.

“ஜோரா இருக்குதுபா. எதிர்வூட்டு ஜட்காக்காரரு ரெண்டையும் கேட்டு வாங்கிக்கினு போயிட்டாரு. முடிச்ச அவுத்துட்டா, குதிர கழுத்துல மாட்டி கொள்ளு கட்ட அளவு சரியா இருக்குதாம்.”