பாவாடைத் துணி சீட்டு

அன்று சைக்கிள் கடையில் இருந்தது அம்மா, நான், கடைக்கார பாய், தொப்பூர் கணவாயில் ஆளில்லாமல் கிடந்த சைக்கிளை ஏற்றிவந்த லாரி டிரைவர். அறுபதுகளின் கடைசியில், அப்பா சைக்கிளில் வெளியே போய்த் திரும்பாத வாரம் அது. இப்போதும் எங்காவது மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்து வீசினால், பாய் அந்த ஃபிரேமைத் துடைத்துத் துடைத்து, இணைப்பு இணைப்பாக நகத்தால் சுரண்டிப் பார்த்த சத்தம் காதில் கேட்கும்.

“உங்க வீட்டுக்காரர் வண்டியில, ஃபிரேம் உடைஞ்சப்ப நான் வச்ச பித்தள ஒட்டு இருக்கணும். இதுல இல்ல. இது வேற வண்டி, அழுவாதீங்க தங்கச்சி.”

“நல்லா பாத்தீங்களா பாய்?”

“நான் வச்ச ஒட்டு எனக்குத் தெரியாதாங்க?”

அம்மா சிரித்தேவிட்டாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

லாரியில் வந்த அந்த சைக்கிளின் சீட்டுக்குப் போட்டிருந்தது, அப்பாவின் வண்டிக்காக என் பழைய பாவாடையில் அவள் தைத்த உறை. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அப்பா வரவேயில்லை, அந்த உறை வேறொரு வண்டிக்கு எப்படிப் போனதென்று கடைசிவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.